நட்டநடுவில் நின்ற லாரி

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒன்று அந்த லாரி ஓட வேண்டும். இல்லையென்றால் நான் இந்த வீட்டை விட்டு ஓட வேண்டும்.

இதை நான் கூடத்தின் நடுவில் நின்று, கையில் ஸ்க்ரூ டிரைவரை உயர்த்திப் பிடித்துச் சொன்னேன். என் மனைவி தையல் மெஷினில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஓடுறதுன்னா செருப்பு போட்டுக்கிட்டு ஓடுங்க. வெளியில வெயில்."

லாரி என்றதும் பத்துச் சக்கரம், டீசல் புகை என்று கற்பனை பண்ணிவிடாதீர்கள். ரிமோட்டில் ஓடுகிற லாரி. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான் நீளம். ஆனால் பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். உள்ளே இருப்பது பிரஷ்லெஸ் மோட்டார். உரசித் தேய்கிற கார்பன் துண்டெல்லாம் அதில் கிடையாது. விசையை ஒரு அழுத்து அழுத்தினால் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுத் தூக்கும். அக்கா பையனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று சொல்லித்தான் வாங்கினேன். பையனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் போய்ச் சேர்ந்தது.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கினாலும் எனக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என் குரலைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் வாங்கிய லாரி, தினமும் சாயங்காலம் நட்டநடு வழியில் நிற்கிறது. என் மானம் என்ன ஆவது?

நிற்கிற விதத்தையும் கேளுங்கள். காலையில் நானே சார்ஜ் போடுவேன். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். சாயங்காலம் வந்து, சட்டைகூட மாற்றாமல் கீழே கார் பார்க்கிங்குக்கு எடுத்துப்போவேன். ஒரு சுற்று பறக்கும். இரண்டாவது சுற்றில், யாராவது நின்று வேடிக்கை பார்க்கிற நேரமாகப் பார்த்து, பொட்டென்று நின்றுவிடும். செத்துப்போனால் கூடப் பரவாயில்லை. சாகாது. விசையை அழுத்தினால் நகராது, ஆனால் ஸ்டீயரிங் மட்டும் இடமும் வலமும் திரும்பும். "மாட்டேன், மாட்டேன்" என்று தலையாட்டுகிற மாதிரி இருக்கும். நான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வருவேன்.

"என்னங்க, குழந்தை தூங்கிடுச்சா?" என்பாள் மனைவி.

லாரி வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் முதல் கேள்வியிலேயே என்னை அவமானப்படுத்தினார்.

"பேட்டரி ஃபுல்லா இருக்கா சார்?"

"நான் லிஃப்ட் மெக்கானிக்."

"சரி சார். பேட்டரி ஃபுல்லா இருக்கா?"

"காலையில சார்ஜ் போட்டு, சாயங்காலம் ஓட்டுறேன். நடுவில அது அலமாரியில சும்மா இருக்கு. பேட்டரியைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா?"

"அதுக்கில்ல சார். மோட்டாருக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி இருக்குல்ல, ஸ்பீடு கன்ட்ரோலர்? பேட்டரி இறங்கிப்போனா, பேட்டரி கெட்டுடக் கூடாதுன்னு அதுவே மோட்டாருக்குக் கரண்டை நிறுத்திடும். ரொம்ப சூடானாலும் நிறுத்திடும். அதுல ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். அதைப் பாத்தா எதுன்னு தெரியும்."

"விளக்கைப் பாத்து வேலை பண்றவன் மெக்கானிக் இல்லீங்க" என்று போனை வைத்துவிட்டேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து வாஷிங் மெஷின் மூடிதான் எனக்குப் பட்டறை. ஏன் என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரு பெரிய மேஜை இருக்கிறது. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் அது மனைவியின் வெட்டு மேஜை. அதில் ஒரு ஸ்க்ரூவை வைத்தால் போதும், "துணியில கறை!" என்று ஒரு சத்தம் வரும். சட்டைகளுக்கும் கால்சட்டைகளுக்கும் அந்த மேஜையில் இடம் உண்டு. தாலி கட்டினவனுக்கு வாஷிங் மெஷின் மூடி. துணி துவைக்கிற நாளில் அதுவும் இல்லை.

அந்த மூடியின் மேல் வைத்து லாரியை அக்கக்காகக் கழற்றினேன். ஒயர் இணைப்புகளை எல்லாம் புதிதாகச் சால்டர் வைத்தேன். ஒரு குட்டி ஃபேன் வாங்கி மாட்டினேன். கோபத்தில் மோட்டாரின் பல்சக்கரத்தையும் மாற்றி, பெரிய பல்சக்கரமாகப் போட்டேன். வேகம் இன்னும் கூடும். அதை விற்கும்போதே கடைக்காரர், "மெதுவா ஓட்டினா ஒண்ணுமில்ல சார். முழு வேகத்துல விரட்டிக்கிட்டே இருந்தா மோட்டார் கொதிச்சிடும்" என்றார். லாரியே நகரமாட்டேன் என்கிறது, கொதிப்பதாம்!

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பொருள் கிடைத்தது. லாரியின் அடிவயிற்றில், பேட்டரிக்குப் பக்கத்தில், வெள்ளையாக வட்டமாக ஒரு சின்ன வில்லை. நடுவில் நாலு ஓட்டை. லாரியோடு வந்த புத்தகத்தில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நம்பர் போட்டிருந்தார்கள். இது இல்லை. மறுபடி போன்.

"நாலு ஓட்டை. வெள்ளை. பிளாஸ்டிக். எங்கிருந்து கழண்டிருக்கும்?"

"அப்படி ஒரு பார்ட்டே இந்த வண்டியில கிடையாதே சார்."

"கையில வெச்சிருக்கேன்யா!"

"எனக்குத் தெரியல சார்."

விற்கிறவனுக்கே தெரியாத பாகம் என்றால் எவ்வளவு முக்கியமான பாகமாக இருக்க வேண்டும்! யோசித்தேன். பிளாஸ்டிக்கில் கரண்ட் பாயாது. ஆகவே இது இன்சுலேட்டர். இது இடம் மாறியதால்தான் கரண்ட் கசிகிறது. ஸ்பீடு கன்ட்ரோலருக்கு அடியில் அதை வைத்து, பசை போட்டு ஒட்டினேன். மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டவும் செய்தேன். அவள் குனிந்து பார்த்தாள். என்னையும் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருமல் என்று நினைத்தேன்.

மறுநாளும் லாரி நின்றது.

ஆனால் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. லாரி வாங்கிய அன்றைக்கு மூன்று வேளையும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், இப்போது வாயெல்லாம் அக்கறையாகப் பேச ஆரம்பித்தாள்.

"ஏங்க, இன்னொரு பேட்டரி வாங்கிக்கோங்களேன்."

"எதுக்கு?"

"பாவம், ஒண்ணே ஒண்ணை வெச்சுக்கிட்டு எவ்வளவுதான் கஷ்டப்படுவீங்க?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கினேன். அதையும் காலையில் சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் ஒரு சந்தேகத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தால், இரண்டு பேட்டரியும் காலி! அலமாரியில் சும்மா கிடந்த பேட்டரி எப்படிக் காலியாகும்? பேட்டரிக் கம்பெனிக்காரனை நன்றாகத் திட்டினேன். மனைவியும் கூடச் சேர்ந்து திட்டினாள்.

"ஏமாத்துக்காரங்க. ஏங்க, லாரிக்கு மேல ஒரு கேரியர் மாட்டினா நல்லா இருக்கும்ல? அழகா இருக்கும்."

மாட்டினேன். அழகாகத்தான் இருந்தது.

ஒரு நாள் வேலை பார்க்கிற இடத்தில் கரண்ட் போய்விட்டது. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அன்றைக்கு ரிப்பேர். அதைப் பற்றிக் கேட்காதீர்கள். படியேறி எங்கள் மாடிக்கு வந்தபோது வராந்தாவில் "ஙொய்ங்ங்" என்று ஒரு சத்தம். என் ரத்தத்தில் ஊறின சத்தம். படிக்கட்டு ஓரத்திலேயே நின்று எட்டிப் பார்த்தேன்.

எங்கள் மாடியின் வராந்தா ரயில் மாதிரி நீளம். இந்தக் கோடியில் எங்கள் வீடு. அந்தக் கோடியில் காஜா அக்கா வீடு. மனைவி தைக்கிற சட்டைகளுக்குப் பட்டன் ஓட்டை எடுத்து, பட்டன் கட்டித் தருவது அந்த அக்காதான். காஜா எடுப்பதால் காஜா அக்கா. இரண்டு வீட்டுக் கதவும் விரியத் திறந்திருந்தன. நடுவில் என் லாரி போய்க்கொண்டிருந்தது. நான் மாட்டிய கேரியரில் ஒரு அட்டைப்பெட்டி, எலாஸ்டிக் போட்டுக் கட்டியிருந்தது. பெட்டி நிறையச் சட்டை.

மனைவி மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கால் மெஷினை ஓட்டுகிறது. ஒரு கை துணியைத் தள்ளுகிறது. இன்னொரு கை ரிமோட்டில். எனக்குச் சுவரில் மோதுகிற திருப்பத்தில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திருப்பினாள்.

"வந்துடுச்சுடி!" என்றாள் காஜா அக்கா அந்தக் கோடியிலிருந்து. "முடிஞ்சதை ஏத்தி அனுப்பறேன்."

"கொஞ்சமா ஏத்துங்கக்கா. பாரம் ஏத்தி வேகமா விட்டா அதுக்குக் காய்ச்சல் வந்துடும்."

"அய்யோ, சிவப்பு சிமிட்டுதே!"

"மெதுவா சிமிட்டுதா, வேகமாவா?"

"மெதுவா."

"அப்ப காய்ச்சல் இல்ல, பசி. நான் ஓட்டிட்டு வந்து பேட்டரியை மாத்திடறேன். சாயங்காலம் அவர் வர்றதுக்குள்ள அலமாரியில வெச்சுடணும்."

"உங்க வீட்டுக்காரர் பாவம்டி."

"என்ன பாவம்? உங்க பட்டனை எடுத்து இன்சுலேட்டர்னு பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கார். நான் சிரிப்பை அடக்க முடியாம பாத்ரூம்ல போய் நின்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. ஏனென்றால் கோபத்துக்கு அடியிலிருந்து ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அப்படியென்றால் லாரியில் கோளாறே இல்லை! என் சால்டரிங்கில் கோளாறு இல்லை! பேட்டரி காலி, அவ்வளவுதான்! "பசி" என்ற சொல்லோடு என் காது அடைத்துக்கொண்டது. அந்த இன்னொரு சொல்லையும் கொஞ்சம் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன்.

சத்தமில்லாமல் கீழே இறங்கி, பொழுது போக்கிவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வந்தேன். திட்டம் தயார். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"இந்த லாரி விஷயத்தை முடிச்சுடலாம்னு இருக்கேன்."

"வித்துடப் போறீங்களா?" அவள் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது.

"பந்தயம். ஞாயித்துக்கிழமை காலையில, கார் பார்க்கிங்கைச் சுத்தி அஞ்சு சுத்து. நடுவில நிக்காம ஓடிச்சுன்னா, உன் வெட்டு மேஜையில பாதி எனக்கு. அப்புறம் காஜா அக்கா முன்னாடி, 'என் புருஷனை மாதிரி மெக்கானிக் கிடையாது'ன்னு நீ உன் வாயால சொல்லணும்."

"நின்னுடுச்சுன்னா?"

"லாரி உனக்கே. நான் அதைத் தொடக்கூட மாட்டேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் மாட்டின எல்லா லிஃப்ட் மேலயும் சத்தியம்."

"நம்ம கட்டட லிஃப்டையும் சேத்தா?"

"அதைத் தவிர."

அவள் யோசித்தாள். தலையாட்டினாள். என்னிடம் இவ்வளவு சுலபமாக இதுவரை எதற்கும் அவள் தலையாட்டியதில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம்.

மறுநாளிலிருந்து இரண்டு பேட்டரியையும் என் டிபன் பாக்ஸ் பையில் போட்டு வேலைக்கே கொண்டுபோய்விட்டேன். வீட்டில் லாரி இருக்கும், பேட்டரி இருக்காது. எப்படி என் மூளை? சாயங்காலம் வந்தால் மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பகலெல்லாம் சட்டையைச் சுமந்துகொண்டு வராந்தாவில் நடந்திருக்கிறாள் என்று புரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் திருட்டு வெளியே வந்துவிடுமே! கிளம்பும்போது ஒரே ஒரு தடவை மட்டும் என் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"டிபன் பாக்ஸ் ரொம்ப கனமா இருக்கே?"

"இப்பல்லாம் பசி ஜாஸ்தி."

"ஓ, பசியா?" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் சிரித்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துவைத்த சட்டை போட்டுக்கொண்டேன். மேல் பட்டன் இல்லை. அது போய் வெகுநாளாகிறது. தையல்காரி வீட்டில் அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கார் பார்க்கிங்கில் காஜா அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் நடுவர். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் பால்கனியில் நின்றார்கள். முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியைப் பையிலிருந்து எடுத்து மாட்டினேன். மனைவி முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு ஏமாற்றமும் இல்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"நிதானமா ஓட்டுங்க தம்பி" என்றாள் காஜா அக்கா. உடனே என் மனைவி அவள் காலை மிதித்ததை நான் பார்த்தேன். ஏன் என்றுதான் தெரியவில்லை.

முதல் சுற்றை நிதானமாகத்தான் ஓட்டினேன். லாரி வெண்ணெய் மாதிரி போனது. அப்போதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து நடக்காத ஒரு சம்பவம்.

"அடேயப்பா!" என்றாள் என் மனைவி. "என்ன லாகவம்! என்ன ஓட்டு ஓட்டுறீங்க!"

நான் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் சொல்கிறாள். கண்ணெல்லாம் அகலமாக விரிந்திருந்தது. என் சமையலை, என் வேலையை, என் தலைமுடியை, எதையுமே அவள் இதுவரை ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. என் கட்டைவிரல் தானாகவே விசையை அமுக்கியது. லாரி சீறியது.

"அம்மாடி! என்ன வேகம்! அக்கா, பாத்தீங்களா? இவர் கை பட்டாத்தான் அது பறக்குது!"

இரண்டாவது சுற்று எப்படிப் போனது என்றே எனக்கு நினைவில்லை. பால்கனியில் கைதட்டினார்கள். எனக்கு யாரும் தெரியவில்லை. அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"இதுக்கு மேலயும் வேகமாப் போகுமாங்க? முடியாதுல்ல?"

"முடியாதா?" என்றேன். முழு விசையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். புதுப் பல்சக்கரம் கத்தியது. வளைவில் லாரி இரண்டு சக்கரத்தில் போனது. என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

மூன்றாவது சுற்றின் நடுவில், காஜா அக்காவின் நாற்காலிக்கு நேர் எதிரில், லாரி பொட்டென்று நின்றது. ஸ்டீயரிங் இடமும் வலமும் திரும்பியது. மாட்டேன், மாட்டேன்.

காஜா அக்கா குனிந்து பார்த்தாள்.

"தம்பி, வேகமா சிமிட்டுது. காய்ச்சல்."

தொட்டேன். கை பொசுக்கென்றது. பசை உருகி, அடியில் இருந்த இன்சுலேட்டர் கழன்று தரையில் விழுந்து உருண்டது. காஜா அக்கா அதை எடுத்துப் புடவையில் துடைத்து, "என் பட்டன்" என்று இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"உனக்கு எல்லாம் தெரியுமா?" என்றேன் மனைவியிடம்.

"பேட்டரி ரெண்டும் ஒரே நாள்ல காணாமப் போச்சே, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சே பந்தயம் கட்டினியா?"

"நீங்க பாதி மேஜை கேட்டீங்க. நான் முழு லாரி கேட்டேன். அது மெதுவா ஓட்டினா பகல் பூரா ஓடும்ங்க. விரட்டினா மயங்கிடும். பெரிய பல்சக்கரம் வேற போட்டு வெச்சிருக்கீங்க. உங்களை விரட்ட வெக்கணும், அவ்வளவுதானே?"

"அப்ப நீ சொன்னதெல்லாம்? லாகவம், கைப்பக்குவம்..."

"கைப்பக்குவம்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள்.

சத்தியம் சத்தியம்தான். லாரி அவளுடையதாகிவிட்டது. ஆனால் அவளையும் குறை சொல்ல முடியாது. மேஜையில் ஒரு ஓரத்தைத் துடைத்து எனக்குக் கொடுத்துவிட்டாள். லாரியைப் பழுது பார்க்கிற ஆளுக்கு உட்கார இடம் வேண்டுமே! சின்னப் பல்சக்கரத்தைத் திரும்ப மாட்டச் சொன்னாள். மாட்டினேன். இரண்டு பேட்டரிக்கும் காலையில் நான்தான் சார்ஜ் போடுகிறேன். மேல் பட்டன்கூட அவளே தைத்துக் கொடுத்தாள். வெள்ளை, நாலு ஓட்டை, ஒரு ஓரத்தில் கொஞ்சம் பசை.

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தட்டுதான் பாக்கி. கூடத்திலிருந்து மெஷின் சத்தம் நின்றது.

"அடேயப்பா!" என்றாள் அவள். "பாத்திரம் கழுவறதுல என்ன வேகம்ங்க உங்களுக்கு! அதுக்குள்ள முடிச்சுட்டீங்களா?"

எனக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் கை தானாக வேகம் பிடித்தது. அந்தத் தட்டையும் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, முதுகை நிமிர்த்தினேன். பின்னால் "ஙொய்ங்ங்" என்று ஒரு சத்தம்.

லாரி வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வந்து என் காலடியில் நின்றது. வழியில் எங்குமே நிற்கவில்லை. கேரியரில் காஜா அக்கா வீட்டுப் பாத்திரம்.